படித்த கதை எங்கே போகிறது?

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையைப் படித்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தீர்வை கட்டாத ஏழை வீட்டின் கதவை ஊர்த் தலையாரி பெயர்த்துக்கொண்டு போனதைச் சொல்வார். அதற்கு முன் குழந்தைகள் அந்தக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடியதைச் சொல்வார். பனிக்காலத்தில், கதவில்லாத வீட்டில், கைக்குழந்தை இறந்துபோனதைச் சொல்வார். பத்து வருடத்துக்கு முன் படித்திருந்தாலும் இதெல்லாம் அப்படியே இருக்கும். அடுத்ததாக, “கதையின் முதல் வாக்கியம் என்ன? குழந்தை இறந்ததை எத்தனை வரியில் சொல்லியிருக்கிறார்?” என்று கேளுங்கள். ஆள் முழிப்பார். கதையை நேற்று ராத்திரிதான் படித்தவரும் முழிப்பார்.

ஞாபகசக்தி குறைவு என்று அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். மூளை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு வரும் பெரிய தடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. “நிறையப் படி, எழுத்து தானாக வரும்” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நிறையப் படித்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் எழுத வந்தவர் ஒருவரோ இருவரோ. நடுவில் என்னவோ நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது.

கி.ரா.வை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கரிசல் காட்டு இடைசெவலில் 1923-இல் பிறந்த அவர், தன் கடைசி முப்பது சொச்சம் வருடங்களைப் புதுச்சேரியில் கழித்தார். உழவர்கரை நகராட்சிக்குள் வரும் லாசுப்பேட்டையில் அரசுக் குடியிருப்பு வீடு ஒன்றில் இருந்தார். 2021 மே 17 அன்று அங்கேதான் காலமானார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அந்த மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து, நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலையைக் கொடுத்தது. பட்டம் வாங்காதவர் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்குக் கதையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அப்படியானால் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்தக் கேள்விக்கு அப்புறம் திரும்பி வருகிறேன். முதலில், படித்த வாக்கியங்கள் எங்கே தொலைகின்றன என்று பார்த்துவிடுவோம்.

1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட கதை மாதிரியான சிறு பத்திகளை ஒலிநாடாவில் கேட்கச் செய்தார். நடுவில் நிறுத்திவிட்டு ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, “இது நீங்கள் கேட்ட அதே வாக்கியமா, மாறியிருக்கிறதா?” என்று கேட்டார். சில வாக்கியங்களில் பொருளையே மாற்றியிருந்தார்: கடிதம் எழுதியவர் கடிதம் பெற்றவராகிவிடுவார். சிலவற்றில் பொருளைத் தொடாமல் வாக்கிய அமைப்பை மட்டும் மாற்றியிருந்தார்: ‘அவர் எழுதினார்’ என்பது ‘அவரால் எழுதப்பட்டது’ ஆகிவிடும். வாக்கியத்தைக் கேட்ட மறுகணமே கேள்வி வந்தால் இரண்டு வகை மாற்றத்தையும் மக்கள் கண்டுபிடித்தார்கள். இடையில் 80 அசைகள், அதாவது சுமார் அரை நிமிடப் பேச்சு, ஓடிவிட்டால் கதை வேறு. பொருள் மாறியதை அப்போதும் பிடித்துவிட்டார்கள். அமைப்பு மாறியதைக் கண்டுபிடிப்பது கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதற்குச் சமமாகிவிட்டது.

அரை நிமிடம்தான்! எழுத்தாளர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அமைத்த வாக்கியம் வாசகர் மனதில் வாக்கியமாகத் தங்குவது அவ்வளவு நேரம். அதற்குள் மூளை அதிலிருந்து யார், என்ன, எங்கே, ஏன் என்பதைப் பிழிந்து எடுத்துக்கொண்டு சொற்களைக் கழித்துவிடுகிறது. கரும்புச்சாறு எடுத்த பிறகு சக்கையை யார் வைத்துக்கொள்வார்கள்? வாசகருக்கு அது போதும். எழுதப் பழகுகிறவருக்கு வேண்டியதோ அந்தச் சக்கை. கதையின் தொழில்நுட்பம் என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ, எந்த வாக்கியம் முதலில், எது பின்னால், எதைச் சொல்லாமல் விட்டார், எங்கே பத்தியை முறித்தார் என்பதெல்லாம், மூளை முதலில் தூக்கி எறிகிற பகுதியிலேயே இருக்கிறது.

கண்ணும் மூளைக்கு உடந்தை. கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றுகிறது. அது தாவித் தாவிப் போகிறது என்று 1870-களின் கடைசியில் எழுதியவர் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவால். (வாசிக்கும் கண்ணைப் பற்றி உலகுக்குச் சொன்ன இந்த மனிதர் பின்னாளில் கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்தார்.) ஒரு தாவல், கால் விநாடி நிற்றல், மறுபடி ஒரு தாவல். தாவும்போது நாம் ஏறக்குறைய குருடர்கள். நிற்கும்போது மட்டும் படிக்கிறோம். ஆங்கில வாசகர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், சின்னச் சின்ன இணைப்புச் சொற்களைப் பெரும்பாலும் கண் தொடாமலே தாண்டிவிடுவது தெரிந்தது. பத்துத் தாவலில் ஒன்று, ஒன்றரை பின்னோக்கியும் போகிறது, ஏதோ புரியாதபோது திரும்பிப் பார்க்க. நல்ல கதை வாசகரைத் திரும்பிப் பார்க்கவே விடாது. கதை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அது எப்படி எழுதப்பட்டது என்பது கண்ணுக்குப் படாமல் போகும். சுமாரான கதையில் ஆணியும் இணைப்பும் வெளியே தெரியும். அதனால்தான் எழுதப் பழகும் பலர் சுமாரான கதைகளிலிருந்து சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், மேதைகளைப் படித்துவிட்டு வாயடைத்துப் போகிறார்கள்.

இந்தத் தடையை உளவியல் என்ற துறை பிறப்பதற்கு முன்பே ஒருவர் தாண்டினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பாஸ்டனில் அச்சுக்கூடத்தில் வேலை பழகிய பையனாக இருந்தபோது, லண்டனிலிருந்து வந்த ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற இதழின் தொகுதி ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதன் கட்டுரைகளைப் போல எழுத ஆசை. அவர் செய்ததைத் தன் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதன் கருத்தை மட்டும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். குறிப்பைச் சில நாள் தூக்கிப் போட்டுவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து கட்டுரையைத் தானே எழுதுவார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே சறுக்கினோம் என்று திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தப் பார்ப்பார். உரைநடையைச் செய்யுளாக்கி, செய்யுளை மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்குவார்.

சாக்ஸின் சோதனையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பையனின் சாமர்த்தியம் புரிகிறது. மூளை பொருளை வைத்துக்கொண்டு அமைப்பை எறியும். அது எறியட்டும் என்று விட்டுவிட்டு, எறிந்ததைத் தானே மறுபடி செய்து பார்க்கிறார். ‘சில நாள்’ இடைவெளி சோம்பேறித்தனம் இல்லை. மறதிக்கு அவர் கொடுத்த வேலை அது. மறக்காமல் செய்தால் அது வெறும் நகல். மறந்துவிட்டுச் செய்யும்போது அவருடைய வாக்கியமும் ஆசானின் வாக்கியமும் ஒரே கருத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பாடம் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். வ.வே.சு. ஐயர் 1910-இல் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர் புரட்சிக்காரராகத் திரும்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சும் லத்தீனும் கிரேக்கமும் அறிந்த, கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் எதிரெதிரே வைத்து வரி வரியாகப் படித்தவர் என்பதும், கம்ப நிலையம் என்ற பெயரில் ஒரு பதிப்பகமே நடத்தினார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாரதியும் அப்போது இங்கேதான் இருந்தார். அவர் பங்குக்குத் தாகூரின் கதைகளைத் தமிழாக்கினார். கலெக்டர்களும் வைசிராய்களும் எட்டாத இந்தச் சின்னப் பிரெஞ்சு ஊரில், நாடு கடந்த நான்கைந்து பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு போக்கும் அவர்களுக்கு இல்லை.

1915-இல் ‘விவேக போதினி’ இதழில் ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ வந்தது. தமிழின் முதல் சிறுகதை இதுவா, பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’தானா, வேறொன்றா என்ற பழைய வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. இந்தக் கதை தாகூர் 1884-இல் எழுதிய ‘காட்டேர் கதா’வைத் தழுவியது என்பது விமர்சகர்கள் பலரும் சுட்டிக்காட்டியது. சிலர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒருவர் இன்னொருவரிடம் கதை கற்றுக்கொண்ட தடயம் இவ்வளவு தெளிவாகத் தமிழில் வேறெங்கும் கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாகூரின் கதையைச் சொல்வது கங்கைக்கரைப் படித்துறை. குஸும் என்ற சிறுமி அந்தப் படிகளில் ஓடி விளையாடியவள். கல்யாணமாகிப் போனவள், கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தியோடு சிறு வயதிலேயே திரும்பி வருகிறாள். வருடங்கள் கழித்து ஒரு சந்நியாசி வருகிறார். அவர் முகம் குஸுமின் கணவனுடையது மாதிரி இருக்கிறதே என்று துறையில் ஒருத்தி சொல்கிறாள். குஸும் அவருக்குத் தொண்டு செய்கிறாள், மனம் கலங்குகிறாள். தன்னை மறந்துவிடச் சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். அவள் ஆற்றில் இறங்குகிறாள். ஐயரின் கதையைச் சொல்வது குளத்தங்கரை அரசமரம். ருக்மிணி அதன் நிழலில் வளர்ந்தவள். அப்பா காமேசுவரையரின் பணம் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் போய்விடுகிறது. செல்வம் போனதும் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் மகன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். ருக்மிணி குளத்தில் விழுந்து இறக்கிறாள். நாகராஜன் சந்நியாசியாகப் போகிறான்.

பேச முடியாத சாட்சி, நீர்க்கரை, கண் முன்னே வளர்ந்த சிறுமி, அவள் நீரில் போவது, ஒரு சந்நியாசி. பொருள் பட்டியலை மட்டும் பார்த்தால் ஐயர் மொத்தமாகவே வாரிக்கொண்டு வந்துவிட்டார். கதையின் பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாகூரின் படிக்கட்டுக்கு முக்கியமான விஷயம் தெரியாது. சந்நியாசி குஸுமின் கணவன்தானா? அதைச் சொல்லாமலே கதை முடிகிறது. கல்லுக்குக் காலடியும் தண்ணீர் மட்டமும் தெரியும், மனசு தெரியாது. ஐயரின் மரத்துக்கு எல்லாம் தெரியும். இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்தது போல் நாகராஜன் நடிக்கிறான், கடைசி நேரத்தில் மறுத்துத் தன் பெற்றோருக்குப் பாடம் புகட்டப் போகிறான் என்பதை, அவன் நண்பன் சீனிவாசனிடம் சொல்லக் கேட்டுவிட்டது மரம். ருக்மிணிக்கு மட்டும் தெரியாது. மரம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைப்பாள். மரத்தால் சொல்ல முடியாது.

தாகூரிடம் அஃறிணை கதைசொல்லி ஓர் அழகு. ஐயரிடம் அது கதையின் எந்திரமாகிவிட்டது. ‘பேசாத பொருள் கதை சொல்கிறது’ என்ற உத்தியை எடுத்துக்கொண்டு, “பேசாது என்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். உத்தி பிடித்துப்போய்ச் சும்மா நகலெடுத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. மூலத்தில் அந்த உத்தி என்ன வேலை செய்கிறது, எதைச் செய்யாமல் விட்டது என்று பார்த்தவருக்கே அது வரும். அதோடு பெரும் கம்பெனி ஒன்று 1906-இல் சென்னையில் திவாலானதைக் கொண்டுவந்து, ஊரறிந்த நிஜத்தின்மேல் கதையை ஊன்றிவிட்டார். கங்கையின் சோகம் குளத்தங்கரைக் குடும்பச் சிக்கலானது அப்படித்தான்.

இந்தக் கதைசொல்லிக்கு அறிவியல் பக்கத்திலிருந்தும் ஒரு மெச்சல் உண்டு. கதை படிக்கும்போது வாசகர் மனம் ஐந்து விஷயங்களைக் கணக்கு வைத்துக்கொண்டே போகிறது என்று ரால்ஃப் ஸ்வான் முதலிய ஆய்வாளர்கள் 1990-களில் எழுதினார்கள்: காலம், இடம், ஆள், காரணம், நோக்கம். எது மாறினாலும் மனம் கணக்கைத் திருத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ‘ஒரு கணம் கழித்து’ என்று வரும் வாக்கியத்தைவிட ‘ஒரு மணி நேரம் கழித்து’ என்று வரும் வாக்கியத்தில் வாசகர்கள் கூடுதல் நேரம் செலவழித்ததை ஸ்வான் 1996-இல் அளந்து காட்டினார். காலம் தாண்டியதும் அதற்கு முன் நடந்தது மனதில் சற்றுப் பின்னால் நகர்ந்துவிடுகிறது. இப்போது அரசமரத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்திலிருந்து சாவு வரைக்கும் ஒரு சிறுகதைக்குள் எத்தனை வருடங்களைத் தாண்ட வேண்டும்! சாதாரணமாக அது வாசகரை உலுக்கிவிடும். மரமோ நகர்வதில்லை. இடம் என்ற ஒரு கணக்கு கடைசி வரை மாறுவதே இல்லை, சொல்லும் குரலும் மாறுவதில்லை. அந்த நிலைப்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மனம் வருடங்களைத் தாண்டிவிடுகிறது. இது என் ஊகம். ஆய்வகத்தில் யாரும் அரசமரத்தை வைத்துச் சோதித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் நீளமான காலத்தைச் சின்னக் கதைக்குள் அடைக்க வேண்டியவர்கள் ஒரு வீட்டையோ, கிணற்றையோ, பஸ் நிறுத்தத்தையோ பிடித்துக்கொள்வது ஏன் பலிக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

இங்கே ஒரு பயம் எழும். இப்படி ஒருவரை ஊன்றிப் படித்தால் நம் நடை போய் அவர் நடை வந்துவிடாதா? வரும். தி. ஜானகிராமனை ஒரு வாரம் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பாத்திரங்கள் எல்லாம் தஞ்சாவூர்க் கொல்லைப்புறத்தில் நின்று பேச ஆரம்பித்துவிடும். இதற்கும் ஆய்வு உண்டு. கேத்ரின் பாக் 1986-இல் காட்டியது இது: ஒருவரைச் செயப்பாட்டு வினையில் ஒரு வாக்கியம் சொல்லவைத்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னால், அந்த விவரிப்பும் செயப்பாட்டு வினையில் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. சொற்கள் ஒன்றுகூடப் பொதுவாக இல்லாவிட்டாலும் அமைப்பு தொற்றிக்கொள்கிறது. நினைவில் தங்காமல் போன வாக்கிய அமைப்பு கையில் மட்டும் தங்கிவிடுகிறது என்பது விசித்திரம்தான். ‘ஞாபகம் இல்லை’ என்பதும் ‘பாதிப்பு இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்சல் புரூஸ்துக்கு இந்தத் தொற்று நன்றாகத் தெரியும். ஃப்ளோபேரின் தாளம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண்டுபிடித்த வைத்தியம், வேண்டுமென்றே ஃப்ளோபேர் மாதிரியும் பால்சாக் மாதிரியும் மற்றவர்கள் மாதிரியும் எழுதித் தீர்ப்பது. 1908-இல் ஒரே மோசடி வழக்கைப் பல ஆசிரியர்களின் குரலில் எழுதி ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் வெளியிட்டார். தெரிந்தே போலச்செய்து முடித்துவிட்டால் தெரியாமல் போலச்செய்யும் பிழை குறையும் என்பது அவர் கணக்கு. ஃப்ளோபேர் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவரிடம் தன் எழுத்தைக் கொண்டுபோய்க் காட்டி அடி வாங்கி வளர்ந்தவர் மாப்பசான். அந்த மாப்பசானின் கதைகளைத் தமிழில் தழுவி எழுதிக் கை பழகியவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன். தழுவலைச் சொல்லிவிட்டுச் செய்தாரா என்ற சர்ச்சை தனி. பட்டறை எங்கெங்கே இருந்தது என்பதற்கு இந்த வரிசை போதும்.

புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பிரபஞ்சன் (1945–2018) எடுத்துக்கொண்ட ஆசிரியர் கதாசிரியரே இல்லை. பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும் தறுவாய் வரை பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட 12 தொகுதிகள் தேவைப்பட்டன. கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் கோபம், அவர் மனைவியின் பிடிவாதம், தெருவில் கேட்ட வதந்தி எல்லாம் பேச்சுத் தமிழில், பிரெஞ்சும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் கலந்து கிடக்கும். அதைப் படித்துப் படித்து பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. வரலாற்று நாவல் என்றால் அரசர், அந்தப்புரம், குதிரை, சதி என்று இருந்த தமிழில், விலைவாசியும் வேலைக்காரனும் கோயில் தாசியும் நுழைந்தார்கள். பிள்ளையின் கண் யார்மேல் நின்றது, யாரைத் தாண்டிப் போனது என்று கவனித்துப் படித்த ஒருவருக்குத்தான், அவர் தாண்டிப் போன ஆட்களை எழுதத் தோன்றும். ஐயர் தாகூரிடம் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

லாசுப்பேட்டைக்குத் திரும்புவோம். கி.ரா.வுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒரு பதில், கு. அழகிரிசாமி. இருவரும் ஒரே ஊர், ஒரே வருடம் பிறந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போன பிறகும் கடிதம் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கி.ரா.வுக்கு எழுதியவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. சின்னஞ்சிறு இடைசெவலுக்கு இரண்டு சாகித்ய அகாதெமி பரிசுகள் வந்ததை வெறும் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. படித்ததைப் பேசிப் பேசித் தீர்க்க ஓர் ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

இன்னொரு பதில், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டம். டி.கே.சி. ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் ஓடிவிட மாட்டார். உரக்கப் படிப்பார், மறுபடி படிப்பார், ஒரு சொல்லில் நிற்பார், அந்தச் சொல் ஏன் அங்கே வந்தது என்று வியப்பார், திரும்ப முதலிலிருந்து படிப்பார். கூட இருப்பவர்களுக்குப் பாட்டு மனப்பாடமே ஆகிவிடும். மனதுக்குள் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்த சொற்கள் நினைவில் நன்றாக நிற்கின்றன என்று காலின் மெக்லியோடும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் காட்டினார்கள். டி.கே.சி.க்கு அந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. அரை நிமிடத்தில் ஓடிப்போகும் வாக்கிய அமைப்பை ஓடவிடாமல் நாக்கால் பிடித்து நிறுத்தும் முறை அது. கண் தாவலாம், நாக்கு ஒவ்வொரு சொல்லையும் மிதித்துத்தான் போக வேண்டும். கி.ரா.வின் உரைநடையைக் காதால் கேட்க முடிகிறது என்று எல்லோரும் சொல்வதற்கு, அவர் படித்த விதத்துக்கும் பங்கு உண்டு. ‘கோபல்ல கிராம’த்தில் பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் பழைய கதை சொல்ல ஊரே கேட்பது போல, எழுத்தைக் காதால் வாங்கிய தலைமுறை அது.

இப்போது ‘கதவு’க்கு ஃபிராங்க்ளின் வைத்தியத்தைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். பஸ் விளையாட்டு. தீப்பெட்டிப் படம் ஒட்டுதல். தலையாரி. கதவு போதல். குளிர். குழந்தை. சாவடி. புத்தகத்தை மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, குறிப்பை மட்டும் பார்த்துக் கதையை எழுதுங்கள்.

எழுதியவர்கள் பெரும்பாலும் தலையாரியில் தொடங்குவார்கள். பிரச்சினை அங்கேதானே ஆரம்பிக்கிறது! வறுமையை விவரிக்க ஒரு பத்தி, வரி பாக்கியை விளக்க ஒரு பத்தி, குழந்தை இறந்ததும் தாயின் அழுகைக்கு ஒரு பக்கம் போகும். மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தால் வேறுபாடு முகத்தில் அறையும். கி.ரா. விளையாட்டில் தொடங்குகிறார், அதிலேயே நிதானமாக நிற்கிறார். அந்தப் பக்கங்களில் வறுமை என்ற பேச்சே தேவைப்படவில்லை. கதவு பஸ்ஸாகிறது, படம் ஒட்டி அலங்கரிக்கப்படுகிறது, குழந்தைகளின் கூட்டாளியாகிவிடுகிறது. வாசகருக்கும் அது ஆள் மாதிரி ஆன பிறகுதான் தலையாரி வருகிறார். அவர் தூக்கிப் போவது மரப்பலகையை என்று அப்போது யாருக்கும் தோன்றாது. குழந்தை இறப்பதோ சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அழுவதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. கடைசியில் சாவடிப் பக்கம் கிடக்கும் கதவைக் குழந்தைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளும்போது, அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வாசகர் பக்கத்திலிருந்து உடைகிறது. எங்கே நீட்டினார், எங்கே சுருக்கினார் என்பதுதான் கதை. நிகழ்ச்சிகள் நம்மிடமும் அதேதான் இருந்தன.

பத்துப் புத்தகம் ‘கதை எழுதுவது எப்படி’ என்று படிப்பதைவிட இது பலிக்கும் என்பது என் கட்சி. அந்தப் புத்தகங்கள் பொருளைச் சொல்லும். பொருளை வைத்துக்கொள்வதில் மூளை ஏற்கெனவே கெட்டிக்காரன். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக்கூடாது. முதல் தடவை வாசகராகப் படித்து ஏமாந்தால்தான், இரண்டாம் தடவை எங்கே ஏமாற்றினார் என்று தேட முடியும். முதல் வரியிலிருந்தே உத்தி தேடுகிறவருக்குக் கதையும் கிடைக்காது, உத்தியும் கிடைக்காது.

தொடங்குவதற்கு வெளியூர் ஆசான் யாரும் வேண்டியதில்லை. தாகூர், ஐயர் இருவர் எழுத்துக்கும் இன்று பதிப்புரிமை இல்லை. தாகூரின் படித்துறைக் கதைக்கு மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. ‘குளத்தங்கரை அரசமரம்’ இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு மாலைக்குள் படித்துவிடலாம். முதலில் தாகூரைப் படியுங்கள், சில நாள் விட்டுவிட்டு ஐயரைப் படியுங்கள். இரண்டாவதை வாய்விட்டுப் படியுங்கள்.